ஸ்பைடர்மேன் 2 (2004) கேம்: படத்தை மறந்த இடமெல்லாம் நன்றாக இருக்கிறது

சூப்பர் ஹீரோ படம் ஒன்று வருகிறது என்றால் கூடவே அதன் கேமும் வரும் என்று ஒரு காலம் இருந்தது. உறையில் பட போஸ்டர், பின்பக்கம் நடிகர்களின் குரல் இருக்கிறது என்று பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு, உள்ளே பெரும்பாலும் சுமாரான சரக்கு. அந்தக் குவியலில் இருந்து இன்றைக்கும் ஆட்கள் பெயர் சொல்லிப் பேசுவது ஒன்றிரண்டைத்தான், அதில் முதலில் வருவது ஸ்பைடர்மேன் 2. செய்தது ட்ரேயார்க், வெளியிட்டது ஆக்டிவிஷன், வந்தது 2004 ஜூன் கடைசியில், படம் வந்த அதே வாரம். இப்போது பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) டிஸ்க்கைப் போட்டு மறுபடியும் கடைசி வரை விளையாடிவிட்டு இதை எழுதுகிறேன். சின்ன வயதில் பிடித்ததெல்லாம் நல்லதாகவே தோன்றும், அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் ஆரம்பித்தேன்.

முதலில் வலையைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் இந்த கேமே அதுதான். இதே ட்ரேயார்க் 2002-ல் முதல் படத்துக்குச் செய்த கேமை விளையாடியவர்களுக்குத் தெரியும், அதில் வலை வானத்தில் ஒட்டும். ஆமாம், மேலே ஒன்றுமே இருக்காது, பட்டனை அழுத்தினால் நூல் திரையின் மேல் விளிம்புக்குப் போகும், ஸ்பைடர்மேன் தொங்குவார், அவ்வளவுதான். மொட்டை மாடிகளுக்கு நடுவே கீழே விழுந்தால் தெருவே கிடையாது, ஆட்டம் முடிந்தது. 2004-ல் இதை மொத்தமாகக் கலைத்துப் போட்டார்கள். வலை ஒட்டுவதற்கு நிஜமாகவே ஒரு கட்டிடம் வேண்டும், ஒட்டிய இடம் எங்கே, எவ்வளவு உயரம், கயிறு எவ்வளவு நீளம் என்பதை வைத்து உடம்பு ஊஞ்சலாடும். அந்தக் குழுவில் இருந்த ஜேமி ஃபிரிஸ்ட்ராம் முன்வைத்த யோசனை இது. மனிதருக்கு இந்த ஊஞ்சல் மேல் இருந்த பிரியம் அதோடு போகவில்லை, பிற்காலத்தில் ஊஞ்சலுக்காகவே எனர்ஜி ஹுக் என்று தனியாக ஒரு கேமும் செய்தார்.

விளையாடும்போது இதன் அர்த்தம் என்னவென்றால், முதல் அரை மணி நேரம் சுவரில் முட்டிக்கொண்டே இருப்போம். வளைவின் அடிப்பகுதியில்தான் வேகம் அதிகம், மேலே ஏறத் தொடங்கும் நொடியில் கயிற்றை விட்டுத் தாவினால் உயரம் கிடைக்கும், சீக்கிரம் விட்டால் நேராகப் பறந்து எதிர்க் கட்டிடத்தில் ஒட்டிக்கொள்வோம், தாமதமாக விட்டால் வேகமெல்லாம் செத்துப் பின்னால் திரும்பி வருவோம். தெருமுனையில் திரும்ப வேண்டுமா, எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தப் பக்கத்து மூலைக் கட்டிடத்தில் வலையைப் போட வேண்டும், அதுவே நம்மைச் சுற்றி இழுத்துக்கொண்டு போகும். இதெல்லாம் எந்த மெனுவிலும் பெரிதாக எழுதியிருக்காது, கைக்குத் தானாகப் பழகும். ஒரு கட்டத்துக்கு மேல் யோசிக்காமலே நடக்க ஆரம்பிக்கும், அங்கேதான் கேம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

சென்ட்ரல் பார்க் பக்கம் போனால் இன்னும் நன்றாகப் புரியும். உயரமான கட்டிடம் எதுவும் இல்லாத திறந்தவெளி, கம்பீரமாக வந்த ஸ்பைடர்மேன் திடீரென்று ஒன்றும் பிடிக்கக் கிடைக்காமல் தரையில் இறங்கி ஓட வேண்டியதுதான். முன்பு இது எரிச்சலாக இருந்தது, இப்போது பார்த்தால் எனக்குப் பிடித்த விஷயங்களில் ஒன்று. ஊர் எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப நம் பலமும் மாறுகிறது. நடுநகரில் ராஜா, பூங்காவில் சாதாரண ஆள். இந்த வித்தியாசத்தை வசனத்தில் சொல்லாமல் கால் வழியாகச் சொன்ன கேம் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை.

வேகத்தையும் காசு கொடுத்து வாங்குவது போல, ஊரில் நல்லது செய்தால் கிடைக்கும் ஹீரோ புள்ளிகள் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆரம்பத்தில் ஆமை வேகம், புள்ளிகள் சேரச் சேர ஊஞ்சல் வேகத்தைப் படிப்படியாக உயர்த்திக்கொள்ளலாம். முழுவதும் உயர்த்திய பிறகு திரை நம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது, அந்த விளிம்பில்தான் சுகம். எம்பயர் ஸ்டேட் உச்சிக்குச் சுவர் வழியாக ஏறி, தாவும் பட்டனை நன்றாக அழுத்திப் பிடித்துக் குதித்து, தரை நெருங்கும் வரை ஒன்றும் செய்யாமல் விழுந்துகொண்டே இருந்து, கடைசி நொடியில் வலையைப் போட்டுத் தெருவில் ஓடும் கார்களின் தலைக்கு மேல் சீறிப் போவது. அதற்கு மிஷன் எதுவும் இல்லை, பரிசு இல்லை. இந்த முறையும் அதைத்தான் அதிகம் செய்துகொண்டிருந்தேன்.

புரூஸ் கேம்பெல் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பட இயக்குநர் சாம் ரைமியின் பழைய கூட்டாளி, படங்களில் சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டுபவர், கேமில் நமக்குப் பாடம் எடுக்கும் குரல் அவருடையது. நகரம் முழுக்க குறிப்புக் குறியீடுகள் இறைந்து கிடக்கும், ஒவ்வொன்றைத் தொட்டதும் அவர் வந்து ஏதாவது சொல்வார், அதில் பாதி உதவி, பாதி நம்மைக் கிண்டல் செய்வது. பாடம் நடத்தும் பகுதி என்றாலே தூக்கம் வரும் இடத்தில், இன்னும் ஒரு குறிப்பு எங்கே இருக்கிறது என்று தேட வைத்தது இந்தக் குரல் மட்டும்தான்.

அப்புறம் பீட்சா. பீட்டர் பார்க்கர் டெலிவரி வேலை பார்ப்பது படத்தில் சில நிமிடம் வரும் விஷயம், கேமில் அதை ஒரு முழு வேலையாகவே ஆக்கிவிட்டார்கள். முதுகில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதிகமாகக் குலுங்கினால் பீட்சா கெட்டுப்போகும். பின்னணியில் ஃபுனிகுலி ஃபுனிகுலா என்ற அந்த இத்தாலியப் பாட்டின் மெட்டு நிற்காமல் ஓடும். இந்த கேம் விளையாடிய யாரிடமும் அந்த மெட்டை முணுமுணுத்துப் பாருங்கள், முகம் மாறும். எரிச்சலா சிரிப்பா என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் ஊஞ்சலை ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பது இந்த பீட்சா வேலைதான், வேகமாகவும் போக வேண்டும், மென்மையாகவும் போக வேண்டும் என்றால் கயிற்றை விடும் நேரம் துல்லியமாக வந்தே தீரும். வேடிக்கைக்காக வைத்தது போலத் தெரிந்தாலும் மொத்த கேமிலும் புத்திசாலித்தனமான மிஷன் இதுதான் என்பேன்.

சரி, இனி குறைகள். நிறைய இருக்கின்றன, மறந்தே போயிருந்தேன்.

தெருவில் நடக்கும் சம்பவங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுபவன், நகைக்கடைக் கொள்ளை, தப்பி ஓடும் கார், கட்டிட விளிம்பில் தொங்கும் ஆள், மூழ்கும் படகு, மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியவர், பலூனைத் தொலைத்துவிட்டு அழும் குழந்தை. அந்தக் குழந்தையின் குரல் இன்றும் காதில் இருக்கிறது, நகரத்தின் எந்த மூலைக்குப் போனாலும் அதே குரல், அதே அழுகை, அதே பலூன். முதல் சில தடவை துரத்திப் பிடித்துக் கொடுக்கும்போது நல்லது செய்த திருப்தி இருக்கும், அப்புறம் நியூயார்க்கில் பலூனுக்குத் தடை போட்டால் என்ன என்று தோன்ற ஆரம்பிக்கும்.

இதைவிட மோசம், கதை நகர வேண்டுமென்றால் இத்தனை ஹீரோ புள்ளிகள் சேர்த்துக்கொண்டு வா என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் நம்மைத் திருப்பி அனுப்புவது. வில்லன் என்னவோ ஊரை அழிக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பார், நாம் தெருத்தெருவாகக் கைப்பை மீட்டுக்கொண்டிருப்போம். கேம் போதுமான நீளமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது என்று இப்போது அப்பட்டமாகத் தெரிகிறது. பள்ளி விடுமுறையில் நேரம் கணக்கில்லாமல் கிடந்தபோது இது உறைக்கவே இல்லை.

சண்டை பரவாயில்லை ரகம். நேரத்தை மெதுவாக்கும் ஸ்பைடர் ரிஃப்ளெக்ஸ் இருக்கிறது, புள்ளிகள் கொடுத்து வாங்கும் புதுப்புது அடிகள் இருக்கின்றன, எதிரியை வலையில் சுற்றித் தெருவிளக்கில் தொங்கவிடலாம். ஆனால் நான்கு பேர் சேர்ந்துகொண்டால் கேமரா சுவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், யார் அடிக்கிறார்கள் என்றே தெரியாது. உள்ளரங்கில் நடக்கும் லெவல்கள் எல்லாமே இந்த நோய் பிடித்தவை. வெளியே கொடுத்த சுதந்திரத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டு ஒரு அறைக்குள் அடைத்து, கேமராவையும் பூட்டிவிட்டால் எப்படி?

படத்தின் கதை வரும் இடங்கள்தான் இருப்பதிலேயே பலவீனம். படத்தின் வில்லன் டாக்டர் ஆக்டோபஸ் வரும் காட்சிகளை ஏதோ கடமைக்குச் செய்து வைத்திருக்கிறார்கள், நடுநடுவே வந்துபோகும் வசனக் காட்சிகள் படத்தைப் பார்த்தவருக்கு மட்டுமே புரியும் அளவுக்குத் துண்டு துண்டாக இருக்கின்றன. டோபி மக்வயர், கிர்ஸ்டன் டன்ஸ்ட், ஆல்ஃபிரட் மொலினா மூவரும் தங்கள் பாத்திரங்களுக்குத் தாங்களே குரல் கொடுத்திருக்கிறார்கள், அன்றைக்கு அது பெரிய விஷயம். மொலினா ரசித்துப் பேசியிருக்கிறார். மக்வயர், என்ன சொல்ல, தூங்கி எழுந்த கையோடு தாளைப் பார்த்து வாசித்தது போல இருக்கிறது. படத்தில் அந்த அடங்கிய குரல் பீட்டருக்குப் பொருந்தியது, முகம் அவருடைய நடிப்புக்குத் துணை நின்றது. இங்கே முகம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி, குரலும் அப்படியே இருந்தால் எதைப் பிடித்துக்கொள்வது?

ஆனால் படத்தில் இல்லாத காமிக்ஸ் பாத்திரங்களைக் கூப்பிட்டு வந்த இடமெல்லாம் கேமுக்கு உயிர் வருகிறது. பிளாக் கேட்டைக் கூரைகளின் மேல் துரத்தும் பகுதி ஒரு உதாரணம், அவள் எப்போதும் ஒரு தாவல் முன்னால் இருப்பாள், நாம் கற்ற ஊஞ்சல் வித்தை எல்லாம் அங்கே செலவாகும். ஷாக்கர் வருகிறான், ரைனோ வருகிறான். மிஸ்டீரியோவுக்கு என்றே ஒரு நகைச்சுவை வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லிவிடுகிறேன், இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ரகசியம் காக்கத் தேவையில்லை. சின்னக் கடை ஒன்றில் அவரோடு கடைசிச் சண்டை. அவருடைய உயிர்க்கோடு, அதாவது இன்னும் எவ்வளவு அடி தாங்குவார் என்று காட்டும் பட்டை, திரையில் நிரம்புகிறது, நிரம்பியதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று. விடிய விடிய அடிக்க வேண்டியிருக்குமோ என்று நினைத்து ஒரு குத்து விட்டால் ஆள் காலி. மொத்தக் கோடும் பொய். மாயவித்தைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பாஸ் (பெரிய வில்லன்) சண்டை எந்த கேமிலும் நான் பார்க்கவில்லை.

இதை யோசித்தால் அந்தக் காலத்துப் பட கேம்கள் பலவற்றுக்கும் இதே விதி பொருந்துகிறது. 2003-ல் வந்த ஹல்க் கேமை எடுத்துக்கொள்ளுங்கள், ரேடிகல் செய்தது. பச்சை மனிதனாக எல்லாவற்றையும் உடைக்கும் லெவல்கள் அருமை, ஆனால் நடுநடுவே ஹல்க்காக மாறும் சாதாரண மனிதர் புரூஸ் பேனராக ஒளிந்து ஒளிந்து நடக்க வைத்தார்கள். ஹல்க் கேம் வாங்கியவன் எதற்கு வாங்கினான், பெட்டிக்குப் பின்னால் பதுங்கவா? 2005-ல் அதே ரேடிகல் எந்தப் படத்தையும் ஒட்டாமல் ஹல்க்: அல்டிமேட் டிஸ்ட்ரக்‌ஷன் என்று ஒன்று செய்தபோது பதுங்கல் எல்லாம் போய்விட்டது, காரைக் கிழித்துக் கையுறையாக மாட்டிக்கொள்ளலாம், ஹல்க் கேம் என்றால் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ் (2006) இன்னொரு விதம். சூப்பர்மேனுக்கு அடிபடாது, அப்படியென்றால் விளையாட்டில் தோற்பது எப்படி என்ற கேள்விக்கு நல்ல பதில் கண்டுபிடித்திருந்தார்கள், உயிர்க்கோடு அவருக்கு இல்லை, நகரத்துக்கு. மெட்ரோபாலிஸ் அழிந்தால் நாம் தோற்றோம். யோசனை பிரமாதம், அதைச் சுற்றிக் கட்டிய மிச்சம் எல்லாம் வெறுமை, கடைசி பாஸ் ஒரு சூறாவளி. ஆமாம், காற்று. அத்தனை பெரிய வில்லன்கள் கையில் இருக்க, மேகத்தை ஊதிக் கலைத்தால் கேம் முடிந்தது.

அந்த வரிசையில் என் மதிப்பில் ஸ்பைடர்மேன் 2-க்குப் பக்கத்தில் உட்காரத் தகுதியானது எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வோல்வரின், 2009. ரேவன் செய்தது. படம் எப்படி என்று எல்லாருக்கும் தெரியும், அதைக் கிளற வேண்டாம். கேம் அந்தப் படத்தைவிட எவ்வளவோ மேல். குண்டடி பட்டால் சதை பிய்ந்து எலும்பு தெரியும், கொஞ்சம் ஒதுங்கி நின்றால் கண்முன்னே காயம் மூடும். உயிர்க்கோட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆளைப் பார்த்தாலே போதும். ஹெலிகாப்டர் மேல் பாய்ந்து ஏறுவது, வானத்தில் விழுந்துகொண்டே ராட்சத ரோபோ சென்டினலோடு மல்லுக்கட்டுவது எல்லாம் படத்தில் தேடினாலும் கிடைக்காது. குழந்தைகளுக்கான கேம் இல்லை, ரத்தம் தாராளம்.

பேட்மேன் பிகின்ஸ் (2005) நினைவில் இருப்பதைவிட நன்றாகவே இருந்தது, எதிரிகளைப் பயமுறுத்திவிட்டு அப்புறம் இறங்கி அடிப்பது என்ற யோசனை அதில் இருக்கிறது. 2009-ல் ஆர்க்கம் அசைலம் என்ற பேட்மேன் கேம் வந்து, படத்தோடு எந்த ஒட்டும் இல்லாமல், அதை எங்கோ கொண்டுபோய்விட்டது. அயர்ன்மேன் (2008) பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. ராபர்ட் டவுனி ஜூனியர் குரல் இருக்கிறது, அதுதான் இருக்கிறது.

பட கேம்கள் இப்படிச் சுமாராக வந்ததற்குக் காரணம் பெரிய மர்மம் இல்லை. படம் வெளியாகும் தேதி கல்லில் எழுதியது, கேம் அதற்குள் முடிந்தாக வேண்டும். திரைக்கதையும் நடுவில் மாறும், எடிட்டிங்கில் காட்சி போகும், கேம் செய்பவர்கள் பழைய கதையை வைத்துக்கொண்டு முழிப்பார்கள். பிஎஸ்2 காலத்தில் எப்படியோ சமாளித்தார்கள். பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 வந்ததும் ஒரு கேம் செய்ய ஆகும் காலமும் செலவும் எங்கோ போய்விட்டன, ஆனால் படம் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது. 2011-ல் தோர், கேப்டன் அமெரிக்கா இரண்டுக்கும் கேம் வந்தது, 2012-ல் அவெஞ்சர்ஸ் உலகத்தையே புரட்டிப்போட்டபோது அதற்கென்று டிஹெச்கியூ என்ற கேம் நிறுவனம் ஆரம்பித்திருந்த கேம் பாதியிலேயே ரத்தாகியிருந்தது. அதன்பின் கூட்டம் கரைந்துவிட்டது. 2018-ல் இன்சோம்னியாக் செய்த ஸ்பைடர்மேன் எந்தப் படத்தையும் சார்ந்தது இல்லை, தேவைப்பட்ட வருடங்களை எடுத்துக்கொண்டு செய்தது, எல்லா விதத்திலும் உசத்தி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் பழையதின் பக்கம். புதியதில் வலை நமக்கு ரொம்பவே அனுசரித்துப் போகிறது, தப்பாகப் போட்டாலும் அழகாகத் தூக்கிவிடும். 2004-ல் தப்பாகப் போட்டால் சுவர்தான்.

வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்பைடர்மேன் 2 என்ற ஒரே பெயரில், ஒரே உறைப்படத்தோடு பல கேம்கள் வந்தன. இங்கே நான் பேசியது பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் மூன்றிலும் வந்ததை மட்டும். பிசியில் வந்தது முற்றிலும் வேறு, வேறொரு ஸ்டுடியோ சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்தது, குறித்து வைத்த இடங்களில் மட்டுமே வலை ஒட்டும், நகரத்தில் இஷ்டப்படி சுற்ற முடியாது. கன்சோல் கேமைப் பற்றிக் கேள்விப்பட்டு பிசி டிஸ்க்கை வாங்கி ஏமாந்த ஒரு தலைமுறையே உண்டு. கையடக்க கன்சோல்களில் வந்தவையும் தனித்தனி கேம்கள். மூன்று கன்சோல்களில் படம் தெளிவாகத் தெரிவது எக்ஸ்பாக்ஸில், பிஎஸ்2-ல் தூரத்துக் கட்டிடங்கள் பனிமூட்டத்துக்குள் இருந்து எழும்பி வரும், எனக்கு அதுவும் பிடிக்கும் என்பது தனி விஷயம்.

டிஜிட்டலில் தேடிப் பயனில்லை. இது எந்தக் கடையிலும் மறுபடி விற்பனைக்கு வரவில்லை, வோல்வரின் போல டிஜிட்டலில் வந்தவையும் உரிம ஒப்பந்தம் முடிந்ததும் கடைகளிலிருந்து காணாமல் போயின. கேம் செய்தவர் ஒருவர், பாத்திரத்தின் உரிமை ஒருவரிடம், படத்தின் உரிமை இன்னொருவரிடம், நடிகர்களின் குரலும் முகமும் வேறு. இத்தனை பேர் மறுபடி ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய டிஸ்க்கும் ஓடக்கூடிய பழைய கன்சோலும் கிடைத்தால்தான் உண்டு, வாங்கும்போது டிஸ்க்கின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் கீறல் பாருங்கள்.

மதிப்பெண் கேட்டால், ஊஞ்சலுக்குப் பத்துக்குப் பத்து, மீதிக்கு ஐந்து. கதையை முடித்தே ஆக வேண்டும் என்று உட்காராதீர்கள், புள்ளிகள் சேர்த்து முதலில் ஊஞ்சல் வேகத்தை உயர்த்துங்கள், பிளாக் கேட், மிஸ்டீரியோ பகுதிகள் வரை கண்டிப்பாகப் போங்கள், டாக்டர் ஆக்டோபஸை அதன்பின் உங்கள் வசதிப்படி பார்த்துக்கொள்ளலாம். அந்த பீட்சா மெட்டுக்கு மட்டும் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் மற்றவர்களும் இருப்பார்கள்.